அரை டப்பா அப்பா

மார்ச் 14, வியாழக்கிழமை

அன்பு மகள் ரோண்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பதினோரு கோழிகளும் நலம், பன்னிரண்டாவதை நரி கொண்டுபோய்விட்டது. நீயும் மாப்பிள்ளை கிரெக்கும் பிள்ளைகளும் அந்த அரிசோனா வெயிலில் கருகாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்கிறேன். இங்கே இந்த வருடம் பனி கூடுதல், சமையலறைச் சன்னலில் பாதிவரை ஏறிவிட்டது, கூரையில் சேர்ந்ததை நோர்மன்தான் இரண்டு முறை ஏறித் தள்ளிவிட்டான். தபால்காரர் மூன்று நாள் வரவில்லை. போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அழுவாய், நான் சரி விடு என்று வைத்துவிடுவேன், எத்தனையோ வருடமாக நம் பேச்சு அப்படித்தான் முடிகிறது. காகிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் எங்காவது உட்கார்ந்து படி, கார் ஓட்டிக்கொண்டே படிக்காதே.

நீ எழுதியது கிடைத்தது. ஜூன் 15 அன்று அப்பாவை ஏரியில் விடுவதென்று முடிவு செய்து எல்லாரையும் அழைத்துவிட்டாய். வெர்னர் சித்தப்பாவின் படகு, எல்லாருக்கும் அப்பா பெயர் போட்ட நீலத் தொப்பி, பீர், பாட்டு, கடைசியில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும், எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறாய். சித்தப்பாவுக்கு ஒரு கைப்பிடி சாம்பல் வேண்டுமாம், அதைத் துப்பாக்கித் தோட்டாவில் அடைத்து மான் வேட்டை தொடங்குகிற நாளில் சுடப்போகிறாராம். உயிரோடு இருந்தபோது உன் அப்பா சுட்டது எதுவும் மான்மேல் பட்டதில்லை, செத்த பிறகு குறி தப்பாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது. டப்பாவைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். டப்பா பத்திரமாக இருக்கிறது ரோண்டா. உள்ளே அப்பா பாதிதான் இருக்கிறார். மீதிப் பாதி எங்கே போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவரை அந்த டப்பாவில் போட்டது நீதான். பெட்டி கிட்டி வாங்கித் தொலைக்காதீங்க, என் காபி டப்பாவே போதும் என்று அவர் எப்போதோ சொன்னதைப் பெரிய ஆசையாக எடுத்துக்கொண்டு, கொட்டகையில் ஆணி போட்டு வைத்திருந்த அந்தப் பெரிய டப்பாவைத் தேடிப் பிடித்தாய். ஆணியை எல்லாம் நான் மாவு பிசைகிற பாத்திரத்தில் கவிழ்த்தாய். டப்பாவைக் கழுவித் துடைத்து, தகனம் செய்த இடத்தில் கொடுத்த பையைப் பிரித்து உள்ளே கொட்டி, சிவப்பு நாடா கட்டி, சமையலறைச் சன்னலில் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் போட்டாய். நூற்றி எழுபது பேர் இதயம் போட்டிருக்காங்கம்மா என்று விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னாய். நீ ஏறிப் போய்விட்டாய், எனக்குத்தான் தினமும் காலையில் அந்த டப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து காபி குடிக்க வேண்டியிருந்தது. அது எந்தச் சன்னல் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எடுத்துக்கொண்டுபோய்ப் பின்வாசல் தாழ்வாரத்தில் விறகுக்குப் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டேன், நாடாவை முட்டைக் கூடைக்குக் கட்டிக்கொண்டேன். நம் ஊரில் பின்வாசலில் ஒரு டப்பாவில் சாம்பல் இருந்தால் அது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, அடுப்பில் அள்ளியது, படியில் பனி உறைந்தால் தூவுவதற்கு. சின்ன வயதில் நீயே எத்தனை முறை தூவியிருப்பாய். இதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பிப்ரவரி இருபதாம் தேதிக்கு முந்தின நாள் மழை பெய்து, விடிவதற்குள் உறைந்து, படி ஏழும் பளபளவென்று கிடந்தது. காலையில் நோர்மன் வந்தான். உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த அதே நோர்மன்தான், மரம் அறுக்கிற சத்தத்தில் காது பாதி போய்விட்டது, மனசு மட்டும் முழுசாக இருக்கிறது, நான் கேட்காமலே வந்து பனி தள்ளிக் கொடுக்கிறான். சாம்பல் வாளியில் அப்போதுதான் நான் கொட்டியது கங்கோடு கிடந்ததால் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த டப்பாவைத் திறந்திருக்கிறான். நான் சன்னல் வழியாகப் பார்க்கும்போது கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி கையை வீசி வீசி உன் அப்பாவைத் தூவிக்கொண்டிருந்தான், மேலிருந்து கீழாக, ஒரு படியும் விடாமல். கத்தியிருக்கலாம். கதவு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றிக்கொண்டு வந்து நின்று பார்த்தேன். முடித்துவிட்டுக் கதவைத் தட்டினான். கையில் காசு அளவில் ஒரு வில்லை, எரிக்கும்போது ஆள் மாறிவிடக் கூடாதென்று உடம்போடு போடுவார்களே, அந்த நம்பர் வில்லை. ஹெல்விம்மா, டப்பாக்குள்ள இது கெடந்துச்சு, ஒங்க பழைய நாயோட வில்லையா, நம்பரெல்லாம் போட்டிருக்கே என்றான். ஆமாப்பா, நாயோடதுதான், குடு என்று வாங்கிக்கொண்டேன். நல்ல சாம்பல் ஹெல்விம்மா, காலு நல்லாப் பிடிக்குது, என்ன மரம் என்று கேட்டான். பழைய மரம்ப்பா, உள்ள உளுத்துப்போனது என்றேன். இன்றுவரை அவனுக்கு விஷயம் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே, பாவம், மயங்கி விழுந்துவிடுவான்.

அவன் போன பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். நான் அந்தப் படியில் எப்படி இறங்குவேன் என்று உனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடமாகத் திரும்பி நின்று, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத்தான். அப்பா மேசையில் உட்கார்ந்தபடி, பாரு பாரு, நண்டு எறங்குது என்பார், நீயும் சிரிப்பாய், நானும்கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்றைக்கு முன்பக்கமாகவே காலை வைத்தேன். அடுப்புச் சாம்பல் போல அது மாவாக இல்லை, கோழிக்குப் போடுகிற சிப்பி நொறுக்குப் போலக் கொரகொரவென்று இருந்தது, செருப்புக்கு அடியில் நறநறத்தது, ஒரு அங்குலம் வழுக்கவில்லை. கம்பியைத் தொடாமல் ஏழு படியும் இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கினேன். உன் அப்பா என்னை விழாமல் பிடித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இல்லையா என்று கேட்பாய். இல்லை. சந்தோஷமாக இருந்தது, இத்தனை சந்தோஷம் எனக்குள் எங்கே கிடந்தது என்று கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அன்று முட்டை எடுக்க நான்கு தடவை போய் வந்தேன், கோழிகளே குழம்பிப்போயின. அந்தக் கால் டப்பா நோர்மன் தெரியாமல் செய்தது. இந்த மாதத் தொடக்கத்தில் மறுபடி உறைந்தபோது இன்னொரு கால் டப்பா போனது, அதை நான் தெரிந்தே செய்தேன், கையுறையைக் கழற்றிவிட்டு அள்ளினேன்.

இந்நேரம் நீ அழத் தொடங்கியிருப்பாய். அழுதுவிட்டு மேலே படி. ஜனவரியில் தேவாலயத்தில் நீ மைக்கைப் பிடித்துப் பேசியதை நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். எனக்குப் பத்து வயசு, அம்மா பின்வாசல் பனியில வழுக்கி விழுந்துட்டாங்க, அப்பா கால்ல ஒண்ணும் போடாம ஓடிப்போய் ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு வந்தாரு, அவரு அழுது அன்னிக்குத்தான் பார்த்தேன், அன்புன்னா என்னன்னு அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன் என்றாய். மூக்கை உறிஞ்சாத ஆள் இல்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெர்னர் என் தோளைத் தட்டி, குடுத்து வச்சவங்க அண்ணி நீங்க என்றார். பிறகு கீழ்த்தளத்தில் காபியும் ஹாம் சான்ட்விச்சும் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக என்னிடம் வந்து, ஒங்க வீட்டுக்காரரு மாதிரி ஒருத்தரு எங்களுக்கு வாய்க்கலையே என்றார்கள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காபிக்குப் போனால் அந்தப் பேச்சைத்தான் எடுக்கிறார்கள். நான் கேக்கை மென்றுகொண்டு தலையாட்டுகிறேன்.

கால்ல ஒண்ணும் போடாமல் ஓடிவந்தது உண்மை. தூக்கியது உண்மை. அழுததும் உண்மைதான். வழுக்கி விழுந்தேன் என்பது மட்டும் பொய், அது பொய் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர், அதில் ஒருவர் டப்பாவில் இருக்கிறார். அன்று சனிக்கிழமை, சவுனா நீராவி அறையில் குளித்துவிட்டு எல்லாரும் காபி குடித்த நேரம். டுலூத்தில் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றேன், அவ்வளவுதான் நான் சொன்னது, பையும் தயாராக இருந்தது. பின்வாசல் மேல்படியில் நின்ற என்னை உன் அப்பா, போறியா, போ என்று ஒரு கையை நெஞ்சில் வைத்துத் தள்ளினார். இன்னொரு கையில் காபிக் கோப்பை இருந்தது. நான் கீழே மல்லாந்து கிடந்து பார்த்தேன், அவர் அந்தக் கோப்பையைச் சிந்தாமல் விறகுமேல் வைத்துவிட்டுத்தான் ஓடிவந்தார். தலையைத் திருப்பினால் சமையலறைச் சன்னலில் நீ நின்றாய், மஞ்சள் பைஜாமாவில், கையில் பாதி கடித்த ரொட்டியோடு. நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் உயரத்துக்குக் குனிந்து என்னம்மா நடந்தது என்று கேட்டார். நீ முதலில் அப்பாவைப் பார்த்தாய். அப்புறம், அம்மா பனியில வழுக்கிட்டாங்க என்றாய். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார், நானும் ஆமாம் என்று தலையை அசைத்தேன். எலும்பு ஒட்டிக்கொண்டது, இடது கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. அக்கா வீட்டுக்கு நான் போகவே இல்லை, அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். உன் அப்பா அதன் பிறகு என்மேல் கை வைத்ததில்லை. வைக்க என்ன தேவை, நொண்டி எங்கே போகப்போகிறாள்.

அந்தப் பத்து வயதுப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை, ரோண்டா. அவள் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டியிருந்தது, நானும் அங்கேதான் போனேன். மைக் முன்னால் நின்ற நாற்பத்தெட்டு வயதுக்காரியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளாக எழுந்து போய்ச் சொன்னாள். உனக்கு மறந்துவிட்டது, நீ சொன்னதை நீயே நம்பிவிட்டாய் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பேசும்போது எல்லார் முகத்தையும் பார்த்தாய், என் பக்கம் மட்டும் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள், இதை யாரிடமும் சொன்னதில்லை. டிசம்பரில் அவர் மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்தபோது வாரம் இரண்டு தடவை நர்ஸ் பெண் வருவாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ஹெல்வி, படியில சாம்பல் போட்டியா, அந்தப் பொண்ணு விழுந்துறப்போவுது என்றார். முப்பத்தெட்டு வருடத்தில் என் காலுக்காக ஒரு பிடி தூவாத மனுஷன். நான் போட்டேன், நொண்டிக்கொண்டே போய் அந்தப் பெண்ணுக்காகப் போட்டுவிட்டு வந்தேன். உள்ளே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது. படியைப் பற்றிப் பேசியவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது, இதோ சொல்லிவிடுவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். வாளிய உள்ள எடுத்து வச்சியா என்று கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் உருப்படியாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் ஊட்டினேன், துடைத்தேன், படுக்கையை மாற்றினேன், எல்லாரும் என்னைப் புண்ணியவதி என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக் கிடந்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அவர் சொல்லாமல் போய்விட்டார். அதைச் சொல்ல இப்போது மிச்சம் இருக்கிற ஆள் நீ ஒருத்திதான்.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அடுப்பிலிருந்து நாலு கை சாம்பலை அள்ளி டப்பாவை நிரப்பிக் கொடுத்திருந்தால் உங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, வெர்னர் பிர்ச் விறகுச் சாம்பலுக்கும் தொப்பியைக் கழற்றியிருப்பார். இந்த வீட்டில் ஒரு பொய் போதும் என்று செய்யவில்லை. டப்பாவில் கொட்டிய அன்றே ஒரு ஸ்பூன் எடுத்து லாக்கெட்டில் அடைத்து நீ கழுத்தில் மாட்டிக்கொண்டாயே, அது அசல் அப்பாதான், சந்தேகப்படாதே. ஜூன் 15 வரட்டும், படகும் தொப்பியும் இருக்கட்டும், ஆட்கள் வரட்டும். நானும் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். படகில் ஏறுவதற்கு முன்னால் எல்லார் எதிரிலும், சன்னலிலிருந்து நீ பார்த்ததைச் சொல். நீளமாக வேண்டாம், அழவும் வேண்டாம், அப்பா தள்ளினாரு, நான் பார்த்தேன், இவ்வளவு போதும். சொன்னால் அந்த நிமிடமே டப்பாவை உன் கையில் தருகிறேன், ஏரியில் விடு, நானும் கூட நின்று பாடுகிறேன், சித்தப்பா வேண்டிய மட்டும் தோட்டாவில் அடைத்துக்கொள்ளட்டும். சொல்லாவிட்டால் டப்பா என்னோடு வீட்டுக்குத் திரும்பி வரும். பெத்த பொண்ணையே மிரட்டுறியா என்று கேட்டால், ஆமாம், மிரட்டத்தான் செய்கிறேன். நீங்கள் வெறுங்கையோடு ஏரிக்குப் போனோம் என்று இருக்க வேண்டாமென்று இந்த உறையில் அந்த நம்பர் வில்லையை வைத்திருக்கிறேன். நாயுடையது என்று நான் சொன்னது அதுதான். டப்பா கிடைக்காவிட்டால் இதை ஏரியில் போட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொள்ளுங்கள், நன்றாக முழுகும்.

வேறு விசேஷம் இல்லை. பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் போடு, வெயிலில் பிள்ளைகளைத் தொப்பி இல்லாமல் அனுப்பாதே, அதற்கு அந்த நீலத் தொப்பிகளாவது உதவும். கிரெக்கிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். கர்த்தர் உன்னையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும், நீ கால் வைக்கிற இடமெல்லாம் உறுதியாக இருக்கட்டும், உன் பிள்ளைகள் உன்னிடம் ஒருபோதும் பொய் சொல்ல வேண்டிய நிலை வராமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இங்கே நவம்பரில் முதல் பனி விழும். படி ஏழு இருக்கிறது, அப்பா அரை டப்பாதான் இருக்கிறார், சிக்கனமாகத் தூவினால் ஒரு பனிக்காலத்துக்கு வரும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹெல்வி